தில்லி அணிலின் முதுகு

வெயில் காலத்தில் ஒருநாள் என் கணவர் என்னை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து நிற்கச் சொன்னார். இடது தோளைக் கொஞ்சம் தூக்க வேண்டும், கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அப்படியே எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் சாம்பல் இருவாட்சி. துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "பாபிஜி, தபியத் டீக் ஹை?" என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பறவையாக நிற்கிறேன் என்று அவளிடம் எந்த பாஷையில் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியதற்கு உள்ளேயிருந்து திட்டு விழுந்தது.

"ஏட்டி, அசையாத. எடை எந்தக் கால்ல இறங்குதுன்னு பாக்கேன்."

அவர் விலங்குகளையும் பறவைகளையும் வரைகிறவர். காட்டுக்குப் போய்ப் புலிக்காகக் காத்திருந்து வரைகிற ஆள் இல்லை. தில்லிக்குள் நம்மோடு குடியிருக்கிற உயிர்கள்தான் அவருக்கு. ரிட்ஜ் காட்டில் நிற்கும் நீல்காய் மான், யமுனைக் கரைப் புதரில் ஓடும் கீரி, குப்பைமேட்டுக்கு மேலே வட்டமடிக்கும் பருந்து, மெட்ரோ தூணுக்குக் கீழே குடும்பம் நடத்தும் குரங்கு. வாரநாளில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். பாலத்துக்கும் சாக்கடைக்கும் பிளான் போடுவார். சனி ஞாயிறு வந்தால் மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தில்லியில் பறவை பார்க்கப் போகிறவர்கள், இயற்கை பற்றிப் பத்திரிகை நடத்துகிறவர்கள், பூங்காக்களை நிர்வகிக்கிறவர்கள் ஆகிய சின்ன வட்டத்தில் அவரை நன்றாகத் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே அவர் என் வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

போட்டோவைப் பார்த்து வரைய மாட்டார். போட்டோவில் எடை இருக்காதாம். ஒரு பிராணி நின்றால் அதன் கனம் எந்தக் காலில் இறங்குகிறது, எந்தக் கால் சும்மா ஒப்புக்கு நிற்கிறது என்று தெரியாமல் அவர் பென்சிலைத் தொடமாட்டார். வெளியே பார்த்துவிட்டு வந்தது மறப்பதற்குள் வீட்டில் யாராவது அதே மாதிரி நின்று காட்ட வேண்டும். வீட்டில் யாராவது என்றால் நான்தான். நீல்காயாக நின்றிருக்கிறேன். கீரியாகக் குனிந்து சோபாவுக்கு அடியில் எட்டிப் பார்த்திருக்கிறேன். கொக்காக ஒற்றைக் காலில் நின்று சாம்பார் தாளித்திருக்கிறேன். யானை ஒன்றுதான் பாக்கி. தில்லியில் காட்டு யானை கிடையாது என்பது அதற்குக் காரணம் இல்லை. என்னிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான் இங்கேயே பிறந்தவள். கரோல்பாகில் பிறந்து, மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, அப்பாவைப் போலவே மத்திய அரசு வேலையில் சேர்ந்து, அதிலேயே ரிட்டயரும் ஆனவள். அப்பாவின் ஊர் கும்பகோணம் பக்கம் என்று ரேஷன் கார்டு காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் அங்கே போய் இறங்கினால் எனக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாது. அவர் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். கல்யாணமான புதிதில் மற்ற பெண்களையெல்லாம் புருஷன்மார்கள் இந்தியா கேட்டுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். என்னை இவர் டிசம்பர் குளிரில் யமுனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பனிமூட்டம் விலகியபோது தண்ணீருக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஆயிரக்கணக்கில் கடற்காக்கைகள். எங்கேயோ சைபீரியாப் பக்கத்திலிருந்து வருகிறதென்றார். நான் இந்தத் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அதுவரைக்கும் அதைப் பார்த்ததில்லை. பாலத்தின் மேலே பஸ்ஸில் போகும்போது நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டவர்கள் நாங்கள். என் ஊரை எனக்குக் காட்டியவர் இவர்தான். அதற்காகவே அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. இன்றைக்கும் அந்தப் பிரியம் குறையவில்லை.

பிரியம் இருந்தால் கோபம் வராது என்று யார் சொன்னது? மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். கார் கண்ணாடியில் மோதிச் செத்த ஏதாவது ஒரு குருவி. இறக்கையின் நிறம் வெளுப்பதற்குள் பார்த்து வரைய வேண்டுமாம். ஒருமுறை என் நாத்தனார் பச்சைப் பட்டாணி என்று நினைத்து அதை வெளியே எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் வாங்கிக் குடிப்பதில்லை.

கூலர் கதை அதைவிட மோசம். ஏப்ரல் கடைசியில் ஜன்னல் கூலரைச் சுத்தம் செய்யப் போனால், உள்ளே புல் தட்டிக்குப் பின்னால் அணில் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்கு மெத்தை, குளிருக்கு நான் போர்த்திக்கொள்ளும் ரஜாயின் பஞ்சு. குட்டிகள் கண்கூடத் திறக்கவில்லை. இவர் கூலரைத் தொடக்கூடாதென்று சொல்லிவிட்டார். தில்லியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் நான் என்ன பாடுபட்டிருப்பேன் என்று புரியும். நான் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். அவர் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தாய் அணில் வருவதையும் போவதையும் மணிக்கணக்காகப் பார்த்து வரைந்துகொண்டிருப்பார்.

"அணிலுக்கு பிரசவம் ஆச்சுன்னு எனக்கு எதுக்குங்க பத்தியம்?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள். குட்டி மட்டும் வெளிய வந்துரட்டும்" என்றார், திரும்பாமலே.

அவர் ரிட்டயர் ஆனதும் எங்களுக்குள் ஒரு வழக்கு ஆரம்பித்தது. அவருக்கு ஊரில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் கட்சி. இங்கே காற்று கெட்டுவிட்டது, குளிர்காலத்தில் மூச்சு விட முடியவில்லை, மகளும் பூனாவுக்குப் போய்விட்டாள், நமக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்பார். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குப் போக இஷ்டமில்லை. இது என் ஊர். என் அம்மா அப்பா இரண்டு பேரையும் இந்த யமுனைக் கரையில்தான் வழியனுப்பினேன். காய்காரனிடம் எந்தத் தெருவில் என்ன பேரம் பேசலாம் என்று எனக்கு இங்கேதான் தெரியும். கோபம் வந்தால் எனக்கு ஹிந்தியில்தான் வரும். ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு நான் யாரிடம் சண்டை போடுவது?

"இங்க வந்தது வேலைக்கு. வேல முடிஞ்சாச்சு. நம்ம ஊருக்குப் போவோம்" என்பார்.

நம்ம ஊர் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று குத்தும்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எங்கள் காலனிப் பூங்காவில் ஒரு பெரிய படப் பலகை வைக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் வாழும் பிராணிகளையும் பறவைகளையும் நீங்கள்தான் வரைந்து தர வேண்டும் என்று காலனி சங்கத்தார் அவரைக் கேட்டிருந்தார்கள். அது முடிந்ததும் ஃப்ளாட்டை விற்றுவிட்டுக் கிளம்புவது என்று பேச்சு. நானும் சரி என்றுவிட்டேன். அவர் ஒரு காக்கைக்கே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறவர், பலகை முடிய எப்படியும் வருஷங்கள் ஆகும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஆனால் மனிதர் விறுவிறுவென்று செய்தார். தகரப் பலகை எங்கள் ஹாலில் சுவரோடு சாய்ந்து நின்றது. சாப்பாட்டு மேஜை பால்கனிக்குப் போனது. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம், சாதத்தில் பெயிண்ட் வாசனை வந்தது. ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து சேர்ந்தன. நீல்காய் வந்தபோது நான் அசந்துபோனேன். அதன் முன்னங்கால் மண்ணில் அழுந்தியிருப்பது தெரிந்தது. நான் நின்று காட்டிய கால்தான், இருந்தாலும் சொல்கிறேன், அப்படி ஒரு கால். இருவாட்சி, பருந்து, கீரி, காக்கை, வேப்பமரத்துத் தண்டில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருக்கும் ஓர் அணில். இதற்கிடையே ப்ராப்பர்ட்டி டீலர் ஒருவன் இரண்டு தடவை வந்து ஃப்ளாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு நான் இஞ்சி போடாமல் டீ கொடுத்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

பலகையைப் பூங்காவில் வேப்பமரத்துக்கு அடியில் நிறுத்தியது பிப்ரவரி மாதம், இதமான வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத் தலைவர் வந்தார், செயலாளர் வந்தார், என் வீட்டுக்காரருக்கு செவந்திப்பூ மாலை போட்டார்கள். சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். குழந்தைகள் நீல்காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு நாங்கள் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கால்களை நீட்டிக்கொண்டார்.

"ஆச்சு. டீலர்ட்ட சொல்லிருவோம். கோடைக்கு முன்னால கிளம்பிரலாம்" என்றார்.

எனக்கு முகம் கொதித்தது. இந்த இடத்தில், இந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதையா சொல்ல வேண்டும்? பதில் சொல்லப் பிடிக்காமல் முகத்தைப் பலகை பக்கம் திருப்பிக்கொண்டேன். யாரோ பலகையின் விளிம்பில் சமோசா பேப்பரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தது. விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் தூளை எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. முதுகு எங்கள் பக்கம். அதற்கு ஒரு சாண் கீழே அவர் வரைந்த அணில், அதற்கும் முதுகு எங்கள் பக்கம்.

நான் ஓவியம் தெரிந்தவள் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியும். படத்தில் இருந்த அணிலுக்கு மூன்று கோடு. உயிரோடு தின்றுகொண்டிருந்ததற்கு ஐந்து. நடுவில் மூன்று பளிச்சென்று, இரண்டு விலாவிலும் கொஞ்சம் மங்கலாக ஒவ்வொன்று.

"என்னங்க, உங்க அணிலைப் பாருங்க" என்றேன். "அப்புறம் அதைப் பாருங்க."

அவர் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போனார். உயிருள்ள அணில் ஓடிவிட்டது. அவர் மரத்தடியிலேயே அடுத்த அணிலுக்காகக் காத்து நின்றார். அது வந்தது. அதற்கும் ஐந்து. மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

அவர் ஊரில் அணிலுக்கு மூன்று கோடுதான். பாலம் கட்டுகிற கதையில் சாமி மூன்று விரலால் தடவிக்கொடுத்தது என்று சொல்லி வளர்ந்தவர்கள். என் அம்மாவும் எனக்கு அதே கதையைத்தான் சொன்னாள், தில்லி அணிலைக் காட்டியே சொன்னாள். எங்களுக்கும் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. இங்கே இருப்பது வேறு ஜாதி அணில் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிய வந்தது. வடக்கே வந்ததும் சாமி முழுக் கையாலும் தடவியிருக்கிறார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, தில்லியில் இதுவரை வரைந்த அணில்களையெல்லாம் தரையில் பரப்பினார். எல்லாவற்றுக்கும் மூன்று கோடு. கூலரில் குடியிருந்த அந்தத் தாய் அணிலுக்கும் மூன்று. ஒரு மாதம் முழுக்க என்னை வெயிலில் வேகவைத்துவிட்டு ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்து வரைந்த அணில் அது.

"வாலப் பாத்தேன், காதப் பாத்தேன், கடலையப் பிடிக்க வெரலப் பாத்தேன்" என்றார். "முதுகுதான் தெரியுமேன்னு பாக்கல."

என் கோபம் எனக்கே தெரிந்ததுதான், அடுப்பில் பால் மாதிரி, திரும்புவதற்குள் பொங்கிவிடும். அது படத்தில் இருந்த தப்புக்காக வந்த கோபம் இல்லை. இத்தனை வருஷம் என்னோடு, என் ஊரில் இருந்தும், ஒரு அணிலின் முதுகைக்கூட இவர் இந்த ஊர்க்காரராகப் பார்க்கவில்லையே என்பதுதான் என்னைச் சுட்டது.

"இத்தனை வருஷமும் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற மாதிரிதான் இருந்திருக்கீங்க" என்றேன். "பெட்டியைக்கூடப் பிரிக்கலை."

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. பெயிண்ட் டப்பாக்களின் மேலே தோல் கட்டியது. சங்கச் செயலாளரிடம் போய், படத்தில் தப்பு இருக்கிறது, பலகையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னார். செயலாளர் சிரித்துக்கொண்டே, "அரே அங்கிள், கில்ஹரி தோ கில்ஹரி ஹை" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அணில் அணில்தானே என்று அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இவருக்கு அது இன்னும் வலித்தது. மகளிடம் ஃபோனில் சொன்னேன். "மம்மி, யாரு கவுண்ட் பண்ணப் போறாங்க? அப்பாவை டென்ஷன் ஆகாம இருக்கச் சொல்லு" என்றாள். உங்கள் அப்பாதான் எண்ணிக்கொண்டே இருக்கிறார் என்றேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"டீலர் ஆளு கூட்டிட்டு வாரேன்னா வரச் சொல்லு. இனி எனக்கு இங்க என்ன வேல?"

தோசை கருகியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவரை இந்த ஊரில் பிடித்து வைத்திருந்தது நான் இல்லை, வேலை இல்லை, இந்தக் கீரியும் காக்கையும்தான். அதையும் நானே கையைப் பிடித்துக் காட்டி அறுத்துவிட்டேன். அவரைப் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த அணிலை நானும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் பார்த்ததைச் சொன்னது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே அது பிடித்திருக்காது.

என்னை நிற்கச் சொல்ல யாரும் இல்லாதது எனக்கு எப்படியோ இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருநாள் மத்தியானம் நானாகவே பால்கனியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கிக் கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்து வலியா? தைலம் தடவிக்க" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் அவர் மறுபடியும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போக ஆரம்பித்தார். நான் ஆவலாகப் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். காகிதமும் இல்லை பென்சிலும் இல்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு படத்தைப் பார்ப்பார், பிறகு மரத்தைப் பார்ப்பார், பிறகு படத்தைப் பார்ப்பார். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அவருக்கு நமஸ்தே சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்கள்.

ஒருநாள் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "காக்கா கழுத்தும் தப்பு" என்றார்.

"காக்காவுக்கு என்ன? கறுப்பு."

"கழுத்து சாம்பல்லா? நம்ம ஊர்க் காக்காய்க்கு அந்தச் சாம்பல் இருட்டா இருக்கும். இங்க உள்ளதுக்கு நல்லா வெளுத்து இருக்கு. நான் இருட்டாப் போட்டிருக்கேன்."

எனக்குப் பயமாகிவிட்டது. இனி ஒவ்வொன்றாகத் தப்பு கண்டுபிடித்து மனிதர் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, "அப்போ நீல்காய்?" என்று கேட்டேன்.

"நீல்காய் சரியா இருக்கு."

"இருவாட்சி?"

"அதுவும் சரிதான். கீரி, பருந்து எல்லாம் பாத்துட்டேன், சரி. அணிலும் காக்காயும்தான்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் பாதியிலேயே நிமிர்ந்தார். எனக்கும் அப்போது புரிந்தது. நீல்காயும் இருவாட்சியும் அவர் ஊரில் பார்த்தறியாதவை, கீரியும் பருந்தும் இங்கே தேடிப்போய்ப் பார்த்தவை. அவற்றை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார், நானும் நின்று நின்று காட்டினேன். அணிலையும் காக்கையையும் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அவை இரண்டும் அவர் ஊரிலிருந்து வந்த பெட்டியிலேயே இருந்தன. வாசலில் இருந்ததைத்தான் அவர் பார்க்காமல் விட்டிருந்தார்.

"பழைய பெயிண்ட்டெல்லாம் காஞ்சு போச்சு" என்றார். "கொஞ்சம் வெள்ள மட்டும் புதுசா வாங்கணும்."

நான் பர்ஸை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். திரும்பி வந்தபோது அவர் பால்கனியில் மெல்லிய பிரஷ்களைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பூங்காவுக்குப் போனோம். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. வேப்பமரத்தில் ஓர் அணில் வரும்வரைக்கும் பார்த்தார். வந்ததும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளைக்குக் கிளை தாவும்போது இவர் தலையும் கூடவே போனது. அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைத் தோய்த்தார்.

பழைய மூன்று கோடுகளை அழிக்க வேண்டியிருக்கவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. விலாவுக்கு ஒன்றாக, மங்கலாக, இரண்டைச் சேர்த்தால் போதும். சின்னச் சின்ன மயிராக இழுத்து இழுத்து அவர் முதல் கோட்டைப் போட்டார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குக் கால் கடுத்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அணில் முடிந்து, அவர் காக்கையின் கழுத்துக்கு வெள்ளை கலக்க ஆரம்பித்தபோது என் ஃபோன் அடித்தது. டீலர். வாங்குகிறவர்கள் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டைப் பார்க்க வருகிறார்களாம், ஏறக்குறைய முடிந்த மாதிரிதானாம், கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். நான் ஃபோனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். இப்போதும் சரி என்றுவிட்டால் அதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

"டீலர்தான். என்ன சொல்லட்டும்?"

"வர வேண்டாம்னு சொல்லு."

"இன்னிக்கு வேண்டாமா, என்னைக்குமே வேண்டாமா?"

அவர் பிரஷ்ஷை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்குப் போகணும்னு சொன்னீங்களே" என்றேன்.

"அங்க போய் என்னத்த வரைய?" என்றார். "இனி அங்க உள்ள அணிலுக்கும் அஞ்சு கோடு போட்டுருவேன்."

நாங்கள் எங்கும் போகவில்லை, வீடு விற்பனைக்கு இல்லை என்று டீலரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.